மணிமேகலையில் பாத்திரப் படைப்பு: நிறையும் குறையும்

முன்னோர் செய்த பெருங்காப்பியம் ஒன்றின் கதையைத் தொடர்ந்து மற்றொரு காப்பியம் செய்யப் புகும் புலவன் எளிதில் தீராத ஓர் இடர்ப்பாட்டை மேற்கொள்கிறான். கற்போர் அவனிடம் வெறுங்கையோடு வருவதில்லை. முன்னை நூலின் மாந்தரை நெஞ்சில் சுமந்துகொண்டே வருகின்றனர். அம்மாந்தர் மேலும் வளர வேண்டும் என்று விரும்புகின்றனர்; மாறிவிடக் கூடாது என்றும் விரும்புகின்றனர். இவ்விரண்டு விருப்பங்களையும் ஒருசேர நிறைவேற்றுதல் அரிது. தமிழில் இச்சோதனைக்கு உள்ளான முதற் பெருநூல் மணிமேகலை. அதன் மாந்தர் எவ்விடத்தில் உயிரோடு எழுந்து நிற்கின்றனர், எவ்விடத்தில் மங்கிப் போகின்றனர், அதற்குக் காரணம் யாது என்பதை நாம் ஈண்டு ஆராய்வோம்.

இரட்டைக் காப்பியங்கள்

சிலப்பதிகாரமும் மணிமேகலையும் முப்பது முப்பது காதைகளை உடையவை. இளங்கோவடிகள் செய்த கதை கேட்டவர் சாத்தனார் என்றும், சாத்தனார் செய்த கதை கேட்டவர் இளங்கோவடிகள் என்றும் பதிகங்கள் கூறுகின்றன. சிலம்பின் இறுதிப் பகுதியிலேயே மணிமேகலையின் துறவு பேசப்படுகிறது. இவற்றின் காலம் குறித்து அறிஞரிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. எனினும், கதைத் தொடர்ச்சியால் இவை இரட்டைக் காப்பியங்கள் என்பதில் ஐயமில்லை.

சாத்தனாருக்குக் கிடைத்த கதைநிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கோவலன் கொலையுண்டான். கண்ணகி மதுரையை எரித்து வானகம் புகுந்தாள். பாண்டியனும் அவன் தேவியும் மாண்டனர். எஞ்சியவர் யார்? மாதவியும், அவள் தாய் சித்திராபதியும், கோவலனின் மகளாகிய ஓர் இளம்பெண்ணுமே ஆவர். பெரியோர் மூட்டிய தீ அணைந்தபின் அதன் வெம்மையில் வளரும் குழந்தையின் கதையே தொடர் காப்பியத்தின் கதை. பெற்றோரின் ஊரையும் அவர்தம் இன்ப துன்பங்களையும் செவிவழியாகவே அறிந்து வளரும் மக்களை நம் இல்லங்களில் நாளும் காண்கின்ற நமக்கு, இக்கதையின் தொடக்கம் புதியதன்று.

நூல் மீண்ட வரலாறு

இந்நூல் நம் கைக்கு வந்த வரலாற்றையும் நினைவுகூர வேண்டும். 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், டாக்டர் உ. வே. சாமிநாதையரிடம் சிந்தாமணியும் சிலம்பும் மணிமேகலையும் படித்ததுண்டா என வினவினார். அவ்வினாவே ஐயரின் வாழ்வை மாற்றியது. 1887இல் சிந்தாமணியும், 1892இல் சிலப்பதிகாரமும் அவர் பதிப்பில் வெளிவந்தன. 1898இல் மணிமேகலை வெளிவந்தது. சிலம்புக்கு அடியார்க்கு நல்லார் உரை கிடைத்ததுபோல மணிமேகலைக்குப் பழைய உரை கிடைக்கவில்லை. பௌத்த சமயம் தமிழகத்தில் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தமையால், நூலில் வரும் சமயச் சொற்கள் விளங்கவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உடனிருந்த ரங்காசாரியாரின் துணையால்தான் இது பௌத்தக் காப்பியம் என்ற தெளிவு பிறந்தது. புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றை ஐயரே எழுதிப் பதிப்பிற் சேர்த்தார்.

ஆகவே இந்நூலைக் கற்ற முதல் தலைமுறையினருக்குத் தத்துவமே முன்னின்றது இயல்பே. 1928இல் டாக்டர் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் மணிமேகலையின் வரலாற்றுப் பின்னணி பற்றித் தனிநூல் எழுதியபோதும், காலமும் அளவை நூலுமே பெரிதும் ஆராயப்பட்டன. கதைமாந்தரை மாந்தராகவே காணும் முயற்சி பின்னரே வலுப்பெற்றது.

மாதவியின் எழுச்சியும் மறைவும்

காப்பியத் தொடக்கத்தில் நாம் காணும் மாதவி, சிலம்பில் கண்ட மாதவியினின்றும் வளர்ந்தவள். இந்திர விழாவுக்கு அவள் ஆட வரவில்லை என்று ஊர் அலர் தூற்றுகிறது. சித்திராபதி விடுத்த வசந்தமாலை வந்து அழைக்கிறாள். மாதவி மறுக்கிறாள். மறுப்பதோடு நில்லாமல், மணிமேகலையைப் பெரும் பத்தினியாகிய கண்ணகியின் மகள் என்றே சுட்டுகிறாள். தான் பெற்ற மகளைத் தன்னால் துயருற்ற மற்றொருத்தியின் மகளாக உரைக்கும் ஒரு தாயின் நெஞ்சத்தில் எத்துணைக் குற்ற உணர்வும், எத்துணைப் பெருமிதமும் கலந்திருக்க வேண்டும்! தொடர் காப்பியம் ஒன்று முன்னை நூலின் மாந்தரை எவ்வாறு வளர்க்க வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சிறந்த சான்று.

தந்தையும் தாயும் உற்ற துன்பத்தைக் கேட்ட மணிமேகலையின் கண்ணீர் அவள் தொடுத்த மாலையில் விழுகிறது. மாலை தூய்மை இழந்தது எனக் கூறி மாதவி புதுமலர் கொய்துவர மகளை அனுப்புகிறாள். கதை முழுவதும் இச்சிறு நிகழ்ச்சியிலிருந்தே விரிகிறது. தெய்வம் இன்னும் தோன்றவில்லை; ஒரு சிறுமியின் கண்ணீரே கதையை நடத்துகிறது.

ஆனால் இம்மாதவி நூல் முழுதும் நம்மோடு வருவதில்லை. மணிமேகலை மணிபல்லவத்திலிருந்து மீண்டு வந்து, முற்பிறப்பில் மாதவியும் சுதமதியும் தாரை, வீரை என்னும் தன் தமக்கையர் என அறிவித்த பின்னர், மாதவியின் குரல் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. தாய்க்கும் மகளுக்கும் இடையே பேசப்பட வேண்டியவை எத்தனையோ உள. தாய் தமக்கையாக மாறியபோது அவை பேசப்படாமலே போயின.

பளிக்கறையில் ஒரு மனம்

மணிமேகலை உயிருள்ள பாத்திரமாக ஒளிவிடும் இடம் உவவனம். காலவேகம் என்னும் மதயானையை அடக்கிய வீறோடு உதயகுமரன் அங்கு வருகிறான். அவள் பளிக்கறையுள் மறைகிறாள். அவன் அவளைத் தவ ஒழுக்கம் அற்றவள், பொருளுக்கு விலையாகும் குலத்தவள் என்றெல்லாம் எள்ளிப் பேசிச் செல்கிறான். அவன் சென்றபின் அவள் சுதமதியிடம் ஓர் உண்மையைச் சொல்கிறாள்: தன்னை இகழ்ந்தவன் என்றும் எண்ணாமல் தன் நெஞ்சம் அவன்பின் சென்றது, காமத்தின் இயல்பு இதுவாயின் அது கெடுக என்கிறாள்.

துறவு பூணப் போகும் தலைவி ஒருத்தி தன் மனம் தன் சொற்கேளாமை கண்டு நாணுவதும், அதனை மறைக்காமல் தோழியிடம் உரைப்பதும் நம் பழைய இலக்கியத்தில் அரியவை. யானையை அடக்கியவன் தன் மனத்தை அடக்க மாட்டாதவனாக நிற்கிறான். பளிங்கினுள் மறைந்தவளோ தன் மனம் தனக்கே தெரியுமாறு நிற்கிறாள். இக்காட்சியில் தெய்வமும் இல்லை, மந்திரமும் இல்லை. இருவரின் நெஞ்சங்கள் மட்டுமே உள்ளன.

விடை முந்தியதால் வந்த குறை

இதன் பின்னர் மணிமேகலா தெய்வம் வருகிறது. உறங்கும் மணிமேகலையை நள்ளிரவில் எடுத்துச் சென்று மணிபல்லவத்தில் வைக்கிறது. ஆளற்ற கடற்கரையில் விழித்தெழுந்து தோழியை அழைத்தும், வாளால் வெட்டுண்ட தந்தையை நினைத்தும் அவள் அலறும் காட்சி உள்ளத்தை உருக்குவது. ஆயினும் அத்துன்பம் நீடிப்பதில்லை. புத்த பீடிகையைக் கண்டதும் பழம்பிறப்பு விளங்குகிறது. அவள் இலக்குமி, உதயகுமரன் அப்பிறப்பில் அவள் கணவனான இராகுலன். அடுத்து வேற்றுருக் கொள்ளவும், வான்வழிச் செல்லவும், பசியைப் போக்கவும் வல்ல மூன்று மந்திரங்களைத் தெய்வம் அளிக்கிறது.

இங்கேதான் இருநூல்களின் வேறுபாடு தெளிவாகிறது. சிலம்பிலும் முற்பிறப்பு உண்டு, ஊழ்வினை உண்டு. ஆனால் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குப் பழவினையை எடுத்துரைப்பது மதுரையை எரி உண்ணத் தொடங்கிய பின்னரே. அதற்கு முன் தீக்கனவுகள் அச்சுறுத்துகின்றன, காரணம் கூறுவதில்லை. கோவலனும் கண்ணகியும் செய்வன யாவற்றையும் அறியாமையோடும், ஆர்வத்தோடும், அச்சத்தோடும் மாந்தராகவே செய்தனர். விளக்கம் செயலுக்குப் பின் வந்தது. மணிமேகலையிலோ விளக்கம் செயலுக்கு முன்னரே வந்துவிடுகிறது. பளிக்கறையில் எழுந்த வினாவோடு அவள் போராடி விடை காணுமுன், காதலுக்குக் காரணம் பழம்பிறப்பு என்ற விடை வெளியிலிருந்து தரப்படுகிறது. மந்திரம் பெற்றவளுக்குப் புறப்பகை அஞ்சத்தக்கதன்று. காரணம் அறிந்தவளுக்கு அகப்பகையும் பாதி தணிந்துவிடுகிறது. பாத்திரப் படைப்பில் இந்நூலுக்கு நேர்ந்த முதன்மையான குறை இதுவே என்பது நம் கருத்து.

அற்புதம் என்பதே குறை என நாம் கூறவில்லை. அமுதசுரபியும் அற்புதமே. ஆனால் அது அவளுக்கு ஓயாத பணி ஒன்றைத் தருகிறது. உற்ற இடர்ப்பாட்டைத் தீர்த்து அகலும் அற்புதத்துக்கும், புதிய கடமையைச் சுமத்தும் அற்புதத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறத்தல் ஆகாது.

உதயகுமரன் சாவும் தீராத வினாவும்

உலகவறவியில் உதயகுமரன் வரும்போது மணிமேகலை அவனை வணங்குகிறாள். முற்பிறப்பில் கணவனாக இருந்தவன் என்ற நினைவு அவளுக்குண்டு. அவனுக்கு அந்நினைவு இல்லை. ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாத இந்நிலை, மேலே கூறிய குறையை ஓரளவு ஈடுசெய்யும் நாடகத்தன்மை உடையது. அவனினின்றும் தப்ப அவள் காயசண்டிகையின் உருவை மேற்கொள்கிறாள். சிறைக்கோட்டம் புகுந்து பசித்தோர்க்கு உணவளிக்கிறாள். அரசனிடம் சிறையை அறக்கோட்டமாக்கும் வரம் பெறுகிறாள். எனினும் உதயகுமரன் ஐயுற்றுத் தொடர்கிறான். நரைமூதாட்டி ஒருத்தியைக் காட்டி யாக்கையின் நிலையாமையை அவள் அறிவுறுத்துவதைக் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் காண்கிறான். தன் மனைவியே பிறனோடு உரையாடுவதாக எண்ணுகிறான். அன்றிரவே உதயகுமரன் வாளுக்கு இரையாகிறான். உண்மைக் காயசண்டிகையோ முன்னரே விந்தமலையைக் கடக்கும்போது மடிந்துவிட்டாள்.

காப்புக்காகத் தரப்பட்ட மந்திரமே ஒருவன் சாவுக்கு வாயிலாயிற்று. மணிமேகலை புலம்புகிறாள், வேற்றுரு ஏற்றதைத் தானே எடுத்துரைக்கிறாள், உடலைத் தழுவச் செல்கிறாள். இங்கே காப்பியம் மிக உயர்ந்த ஓர் இடத்தை எட்டிவிட்டது. ஆனால் கந்திற்பாவை குறுக்கிட்டு அவளைத் தடுத்து, முற்பிறப்பில் இராகுலன் மடையன் ஒருவனைச் சினந்து வெட்டிய வினையே இன்று பயன் தந்தது என விளக்குகிறது. காஞ்சனனை நோக்கி, ஊழே ஆயினும் நீ செய்த கொலையின் பயன் உன்னைத் தொடரும் என்கிறது. இந்நீதி நுட்பமானது. ஆனால் அதே துலாக்கோலில் மணிமேகலையின் பங்கு நிறுக்கப்படவில்லை. அவள் நெஞ்சில் எழுந்த வினா அங்கேயே அடங்கிவிடுகிறது.

தத்துவம் தீண்டாத மாந்தர்

வியப்புக்குரியது யாதெனில், பௌத்த அறம் எளிதில் தீண்டாத மாந்தரே இந்நூலில் மிக உறுதியாகப் படைக்கப்பட்டுள்ளனர். சித்திராபதியை நோக்குக. அவளுக்குத் தன் குலத்தொழிலே அறம். மகள் துறந்ததும் பேர்த்தி பிச்சைப் பாத்திரம் ஏந்தியதும் அவளுக்குப் பழியாகத் தோன்றுகின்றன. கணிகையர் முன்னிலையில் வஞ்சினம் கூறி உதயகுமரனைத் தூண்டுகிறாள். அவன் மாண்ட பின்னர் அஞ்சி நடுங்கினும், பேர்த்தியைத் தன்னிடம் தருமாறு அரசமாதேவியிடம் வந்து கேட்கிறாள். அவளை நாம் விரும்புவதில்லை. ஆனால் அவளை நம்புகிறோம். அவள் பேசும் ஒவ்வொரு சொல்லும் அவளுடைய வாழ்க்கையிலிருந்தே பிறக்கிறது.

மகனை இழந்த அரசமாதேவியும் அத்தகையவளே. செங்கோல் வழுவா மன்னன், தான் அளிக்க வேண்டிய தண்டத்தைக் காஞ்சனன் அளித்தான் எனக் கூறி மகன் இறப்பைத் தாங்கிக்கொள்கிறான். தாயால் அவ்வாறு தாங்க இயலவில்லை. அன்புடையாள் போல் நடித்து மணிமேகலையைச் சிறையினின்றும் விடுவித்து, மருந்தூட்டிப் பித்தாக்கவும், இளைஞன் ஒருவனை ஏவி இழிவு செய்யவும், பட்டினியால் மாய்க்கவும் முயல்கிறாள். மந்திரத்தால் மணிமேகலை தப்புகிறாள். பின் அழுதது உடலுக்கா, உயிருக்கா என்று அவள் அரசியை வினவும் அறவுரை ஆழமானது. ஆயினும் இத்துணைக் கொடுமை செய்த தாயின் துயரம் ஓர் அறவுரையில் தணிவது நம் நெஞ்சுக்கு விரைவாகவே தோன்றுகிறது.

கலமும் மாந்தரும்

பாத்திரம் என்னும் சொல் தமிழில் கலத்தையும் குறிக்கும், கதைமாந்தரையும் குறிக்கும். சாத்தனார் கலத்தைப் பற்றிப் பாடும்போதெல்லாம் அவர்தம் மாந்தரும் சிறக்கின்றனர். ஆபுத்திரன் கதை இதற்குத் தலைசிறந்த சான்று. பிறந்தவுடன் தாயால் கைவிடப்பட்டு, பசுவின் பாலுண்டு பிழைத்து, வேள்விப் பசுவைக் காக்க முனைந்து ஊரால் வெறுக்கப்பட்டவன் அவன். மதுரையில் இரந்து பெற்றதைக் கூன், குருடு, முடம் என யாவர்க்கும் ஊட்டிய பின்னரே தான் உண்டான். சிந்தாதேவி அமுதசுரபியை அளித்தாள். வரம் தர வந்த இந்திரனைக் கண்டு அவன் நகைத்தான். இந்திரன் சினந்து பாண்டி நாட்டில் மழை பொழிவித்தான். நாடு செழித்தது; உண்பாரைத் தேடி ஆபுத்திரன் ஊர் ஊராக அலைந்தான்.

பசியே இல்லாத நாட்டில் நிறைந்த கலத்தோடு நிற்கும் ஒருவனின் தனிமையை எண்ணிப் பாருங்கள்! பிறர் வளம் பெற்றமைக்கு அவன் மகிழ வேண்டும். ஆனால் அவ்வளத்தால் அவன் வாழ்வு பொருளற்றதாயிற்று. இறுதியில் ஆளற்ற மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டபோது, பல்லோர் பசி தீர்க்கும் கலத்தால் தன் ஒருவன் வயிற்றை நிரப்ப மனமின்றி, அதனைக் கோமுகியில் விட்டு உண்ணாது உயிர் துறந்தான். முரண்பட்ட இவ்வுள்ளத்தைப் படைத்தவர் மாந்தர் இயல்பை அறியாதவர் அல்லர். பதிகம் சாத்தனாரைக் கூல வாணிகர் என்கிறது. நெல்லும் வரகும் அளந்த கைக்குப் பசியின் அளவும் தெரிந்திருந்தது போலும்!

ஆதிரையும் அவள் கணவன் சாதுவனும் ஒரு காதையிலேயே வந்து போகின்றனர். கணிகையிடம் பொருளிழந்து, கடலோடிக் கலம் கவிழ்ந்து, நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவனை அவர்கள் உண்ணவே எண்ணினர். அவர்தம் மொழியை அவன் நன்கு அறிந்திருந்தமையால் உயிர் பிழைத்தான். அவர்க்கு அறமும் உரைத்து மீண்டான். பிழைப்பின் பொருட்டுப் பிறமொழி வழங்கும் நிலத்தில் வாழும் நம்மனோர்க்குச் சாதுவன் அயலான் அல்லன். இங்கே கணவனைக் காத்தது மந்திரமன்று. அவன் கற்ற மொழியே. சில வரிகளில் முழு வாழ்வைக் காட்டும் ஆற்றல் சாத்தனாரிடம் உண்டென்பதற்கு இஃது ஒன்றே போதும்.

கண்ணகியும் இறுதிக் காதைகளும்

வஞ்சி மாநகரில் மணிமேகலை தாயாகக் கருதும் கண்ணகியின் படிமத்தின் முன் நின்று வினவுகிறாள். படிமம் விடையிறுக்கிறது: மதுராபதி பழவினை உரைத்த பின்னும் தன் சினம் தணியாமல் நகரை எரித்ததாகவும், அவ்வினையின் பயனைத் தானும் கோவலனும் நுகர வேண்டும் எனவும் கூறுகிறது. சிலம்பின் கண்ணகியைத் தொழுதவர்க்கு இஃது அதிர்ச்சி தரும். ஆயினும் முன்னை நூலின் தலைவியைத் தொடர் காப்பியம் துணிந்து மறுமதிப்பீடு செய்யும் இவ்விடத்தைக் குறை எனத் தள்ளிவிட இயலாது. எரிந்த நகரத்தில் மாண்டோர்க்காகவும் யாரேனும் ஒருவர் பேச வேண்டும் அன்றோ? கருத்தளவில் இது நிறை. படைப்பளவில், தீயாக நின்றவள் இங்கே விளக்கம் உரைப்பவளாக நிற்பது குறை.

அதன்பின் மணிமேகலை முதிய தவசியின் உருவில் பல சமயத் தலைவரின் கொள்கைகளைக் கேட்கிறாள். காஞ்சியில் அறவணவடிகளிடம் அளவை இலக்கணமும், பௌத்த தருமமும் கேட்டு நோன்பு பூணுகிறாள். தமிழகச் சமய வரலாற்றுக்கு இவை கிடைத்தற்கரிய கருவூலம். காவிரிப்பூம்பட்டினத்தில் அகழ்ந்து காணப்பட்ட பௌத்த விகாரத்தின் எச்சங்களும், அந்நகரில் தங்கிப் பாலி நூல்கள் செய்த புத்ததத்தரின் வரலாறும், அச்சமயம் இங்கு வேரூன்றி நின்றதை உணர்த்துகின்றன. பிற சமயங்களோடு வாதிட்டுத் தன்னை நிலைநாட்ட வேண்டிய சூழலில் பிறந்த நூல் இது. எனவே வாதம் நூலுள் புகுந்தது. ஆனால் அவ்வாதம் புகுந்த இடத்தில் தலைவி கேட்போளாக மட்டுமே எஞ்சினாள்.

குறைக்குக் காரணம்

இதற்குப் புலவரின் ஆற்றலின்மை காரணமன்று. அவர் சமயத்தின் கோட்பாட்டில் நிலைத்த ஆன்மா என ஒன்று இல்லை; காரணங்களின் தொடர்ச்சியே உயிர் வாழ்வு. ஒருவரைத் தனித்தன்மை உடையவராக நிலைநிறுத்துவதே பாத்திரப் படைப்பு எனின், அத்தனித்தன்மை மயக்கம் என்று காட்டுவதே சாத்தனாரின் குறிக்கோள். மணிமேகலை தன்னை உதிர்க்க உதிர்க்கத் துறவில் முதிர்கிறாள். அவ்வளவுக்கு நம் கண்ணுக்கு மங்குகிறாள். புலவரின் வெற்றியும் நாம் உணரும் குறையும் ஓரிடத்தேதான் பிறக்கின்றன. ஆயினும் காப்பியத்தைக் காப்பியமாகக் கற்கும் நாம் அக்குறையைக் குறை என்றே சொல்லக் கடவோம். நூலைப் போற்றுதல் வேறு. குறை காணாதிருத்தல் வேறு.

நம் மக்களுக்கு இந்நூலை அறிமுகம் செய்யும்போது, அளவை இலக்கணத்திலிருந்தோ ஐம்பெருங் காப்பியப் பட்டியலிலிருந்தோ தொடங்குதல் வேண்டா. மாலையில் விழுந்த கண்ணீரிலிருந்தும், பளிக்கறையில் நாணிய நெஞ்சிலிருந்தும், உண்பாரைத் தேடி அலைந்த ஆபுத்திரனிலிருந்தும் தொடங்குவோம். புகார் கடல்கொள்ளப்பட்ட பின்னர், பிறந்த ஊரை இழந்த மணிமேகலை வறட்சியுற்ற காஞ்சிக்குச் சென்று, தன்னை அறியாத மக்களுக்கெல்லாம் அமுதசுரபியால் உணவளித்தாள். கேட்ட தருக்கம் மறந்தாலும் அக்காட்சி மறக்காது. அக்காட்சியைப் பெற்ற பிள்ளைகள் எஞ்சியவற்றைத் தாமே தேடிக் கற்பர்.